கொலெக்ரர்மாருக்கு மட்டும்

ஒட்டியிருக்கிற எழுத்துக்கு இக்னேசியஸ் அண்ணையைப் போல் அடங்கி நடக்கிற மனிதரை ரொறன்ரோவில் நான் வேறு கண்டதில்லை. மிசிசாகாவில், விமானச் சரக்குக் கிடங்கு ஒன்றில் இருபத்தாறு வருடம் பெட்டி ஏற்றி இறக்கியவர். பெட்டியில் 'இந்தப் பக்கம் மேலே' என்றிருந்தால் அந்தப் பக்கம் மேலேதான் இருக்கும். 'குளிரில் வை' என்றிருந்தால் குளிரில்தான் இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது, யாருடையது, எதற்குப் போகிறது என்ற கேள்விகளை அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. இருபத்தாறு வருடத்தில் ஒரு பெட்டியையும் பிழையான இடத்துக்கு அனுப்பாதவர் என்று சொல்லி, ஓய்வு பெறும்போது கம்பனி ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தது. முதுகெலும்பில் இரண்டு வட்டு விலகியதும் அங்கேதான். அதற்குத் தனியாகக் கேடயம் எதுவும் கொடுக்கவில்லை.

ஓய்வுக்குப் பிறகு அவர் எங்கள் கத்தோலிக்கக் கோயிலுக்கு வந்து சேர்ந்தார். ஸ்காபரோவில் முன்னர் வெள்ளைக்காரர் நிறைந்திருந்த கோயில் அது. அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு வேலை வந்துவிட்டதால் எங்களுக்குக் கிடைத்தது. பூசைக்கு வேண்டியதை ஆயத்தம் செய்கிற பொறுப்பு இக்னேசியஸ் அண்ணைக்கு. காலை ஆறு மணிக்குக் கதவு திறக்க வேண்டும், மெழுகுதிரி கொளுத்த வேண்டும், பாத்திரம் துடைக்க வேண்டும், பாதருடைய மைக்குக்குப் பற்றரி மாற்ற வேண்டும். சம்பளம் இல்லை. பீடத்துக்குப் பின்னாலுள்ள பூசைச் சாமான் அறையின் சாவி, எங்கள் பேச்சில் திறப்பு, மட்டும் உண்டு. அதை அவர் இடுப்பு வாரில் கொழுவிக்கொண்டு நடப்பார். பிள்ளைகள் இருவரும் கல்கரியில். முதுகு நோவால் வேறு வேலையும் முடியாது. அறுபத்தெட்டு வயதில் அவரை ஒரு இடத்துக்கு வேண்டியவராக வைத்திருந்தது அந்தத் திறப்பு ஒன்றுதான். இதை நான் இப்போது எழுதுகிறேனே தவிர, அப்போது யோசித்துப் பார்த்தவன் அல்ல.

அந்த அறையை நீங்கள் பார்க்க வேண்டும். 'மெழுகுதிரி பெரியது', 'மெழுகுதிரி சின்னது', 'மெழுகுதிரி உடைந்தது' என்று மூன்று பெட்டி. குப்பைக் கூடையில் 'குப்பை'. எல்லாம் அண்ணையின் கையெழுத்து. பாதரின் முதுகிலும் 'பாதர்' என்று எழுதி ஒட்டிவிடுவார் என்று நாங்கள் பகிடி விடுவோம். அவர் சிரிக்கமாட்டார், கோபிக்கவும்மாட்டார். அவருடைய மனைவி அன்ரனெற் அக்கா பீடத்துத் துணிகளைத் தோய்த்து அயன் பண்ணித் தருகிறவர். சிவப்பு வைன் துணியில் பட்டால் கறை போகாது என்று அவர் போட்ட ஒரு சத்தத்தில்தான் எங்கள் கோயிலில் பூசைக்கு வெள்ளை வைன் வந்தது. ஆகவே இக்னேசியஸ் அண்ணைக்கு வெள்ளை வைன் என்றால் அது கோயில் சாமான், மெழுகுதிரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய ஒன்று. குடிக்கிற சாமான் என்ற எண்ணமே அவருக்கு இல்லை.

என்னையும் சொல்லிவிடுகிறேன். என் பெயர் மரியோ, வயது ஐம்பத்து மூன்று. நகரத்தின் நடுவே ஒரு பெரிய உணவகத்தில் பதினெட்டு வருடம் பாரில் நின்றவன். மேசையிலிருந்து திரும்பி வரும் போத்தல்களின் அடியில் மிஞ்சியதை வாயில் விட்டுப் பார்த்து வைன் படித்தவன். சனங்கள் காசு கட்டிப் படிக்கிற படிப்பு, எனக்குப் பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் கிடைத்தது. எங்கள் ஆட்களுக்கு முன்னால் இதைச் சொன்னால் மதிப்பு இல்லை. விஸ்கி குடிப்பவன் ஆம்பிளை, வைன் குடிப்பவன் டயற்றில் இருக்கிறவன் என்பது எங்கள் சமூகத்தின் முடிந்த முடிவு.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கொலெக்ரர். காணிக்கைப் பையை வரிசை வரிசையாக நீட்டிக்கொண்டு போகிற ஐந்து பேருக்கும் எங்கள் கோயிலில் கொலெக்ரர்மார் என்று பெயர். கொலெக்சன் எடுக்கிறவர்கள் கொலெக்ரர்மார். இதில் விளங்காமல் போக ஒன்றும் இல்லை. கறுப்புக் காற்சட்டை, வெள்ளைச் சேட், கை நீட்டாதவனை இரண்டு விநாடி கூடப் பார்க்கிற ஒரு பார்வை, இவ்வளவுதான் தகுதி. வருடத்தில் ஒரு நாள், அந்தோனியார் திருவிழா முடிந்தபின், எங்களுக்கும் கவனிப்பு உண்டு. யாராவது ஒரு குடும்பம் 'பாடகர் குழுவுக்கு' என்று கேக் வைக்கும். 'சோடனைக்காரருக்கு' என்று எண்ணெயில் பொரித்த பற்றிஸ் வரும். 'கொலெக்ரர்மாருக்கு' என்று ஒரு போத்தல் வரும். எல்லாம் பூசைச் சாமான் அறை மேசையில் பெயரோடு இருக்கும், இக்னேசியஸ் அண்ணை பெயர் பார்த்துக் கொடுப்பார்.

இந்த ஒழுங்குக்குள் மாக்கஸ் வந்து விழுந்தான்.

மாக்கஸை நீங்கள் கண்டிருப்பீர்கள். வீடு விற்கிறவன். பஸ் தரிப்பிட வாங்கில் ஒட்டிய விளம்பரப் படத்தில் கைகட்டிச் சிரித்துக்கொண்டு இருப்பான், சனம் அவன் முகத்தின்மேல் இருந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கும். நாற்பத்தொரு வயது, விட்பியில் புது வீடு. கோயில் கூரை திருத்தும் குழுவுக்குத் தலைவர், ஆகையால் பாதருக்கு அவனைக் கண்டால் முகம் மலரும். மூன்று வருடத்துக்கு முன்வரை எல்லாரையும் போல விஸ்கி குடித்தவன்தான். பிறகு பெரிய வீடு வாங்கிய ஒரு பல் வைத்தியர் அவனைத் தன் நிலவறைக்குக் கூட்டிப்போய்ப் படுத்திருக்கும் போத்தல்களைக் காட்டினாராம். அன்றைக்கு இவனுக்கு ஞானம் பிறந்தது. வீட்டுக்குக் கீழே குளிரூட்டி வைத்தான். விழுங்கிய பிறகு நாக்கில் நிற்கிற ருசிக்கு 'பினிஷ்' என்ற சொல்லைப் பேச்சில் சேர்த்தான். மனைவி றெபேக்கா அந்தக் குளிரூட்டியில் கருவேப்பிலை வைத்ததற்கு இரண்டு நாள் கதைக்காமல் இருந்தான்.

அந்தப் பல் வைத்தியரும் அவருடைய கூட்டாளிகள் ஏழெட்டுப் பேரும் ஒரு வைன் வட்டம் நடத்துகிறார்கள். சேர வேண்டுமென்றால், மற்றவர்களிடம் இல்லாத ஒரு போத்தலை உங்கள் வீட்டில் மேசையில் வைக்க வேண்டும். திறக்கத் தேவையில்லை, வைத்தால் போதும். அவர்கள் அதைச் சுற்றி நின்று பார்த்துவிட்டு, சீஸ் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். எங்கள் ஊரில் பொம்பிளை பார்க்கப் போகிறவர்களும் இப்படித்தான், ஆனால் அவர்கள் கடைசியில் ஒரு முடிவாவது சொல்வார்கள்.

மாக்கஸுக்கு வழி பிறந்தது ஒரு மின்னஞ்சலில். தென்னாபிரிக்காவில், கேப் ரவுனுக்கு வடக்கே, தண்ணீர் ஊற்றாமல் வளர்ந்த பழைய திராட்சைக் கொடிகளின் பழத்தில் செய்த வெள்ளை வைன். செனின் என்று ஒரு பழம். இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு போத்தலில் அடைத்து, செய்தவர்களின் நிலவறையிலேயே இருபது வருடத்துக்கு மேல் கிடந்தது. வெள்ளை வைனை யாரும் இவ்வளவு காலம் வைத்திருக்கமாட்டார்கள், அநேகமானது செத்துவிடும். இது சாகவில்லையாம். உலகத்தில் அறுபது போத்தல்தான், கடைக்கு வராது, 'கொலெக்ரர்மாருக்கு மட்டும்' கொடுக்கப்படும், ஆளுக்கு ஒன்று. மாக்கஸ் ஒன்று வாங்கினான். விலையை நான் சொல்லப்போவதில்லை. நெஞ்சு நோவுக்காரரும் இதை வாசிக்கக்கூடும்.

அடுத்த சனிக்கிழமை வைன் வட்டம் அவன் வீட்டுக்கு வருவதாக இருந்தது. அதற்கு முதல் ஞாயிறு அந்தோனியார் திருவிழா. எங்கள் ஆட்கள் மந்திரிக்கக் கொண்டுவராத பொருள் கிடையாது. புதுக் கார், புதுக் கடை, பனி தள்ளுகிற மெஷின், லைசன்ஸ் சோதனைக்குப் போகிற பிள்ளை, எல்லாவற்றுக்கும் தீர்த்தம் தெளித்தாக வேண்டும். மாக்கஸ் போத்தலைக் கொண்டுவந்தான். மரப்பெட்டி, உள்ளே வைக்கோல், மேலே தங்க எழுத்தில் ஓர் அட்டை.

"அங்கிள், பாதர் ஒருக்கா பிளெஸ் பண்ணினாக் காணும். வெரி கெயார்ஃபுல், என்ன? இது கொலெக்ரர்ஸுக்கு" என்றான்.

"ஓம் தம்பி, கொலெக்ரர்மாருக்கு" என்றார் இக்னேசியஸ் அண்ணை.

"எக்ஸாக்ற்லி அங்கிள்!" என்று அவருடைய தோளில் தட்டினான். தன்னை விளங்கிக்கொண்ட ஒரு மனிதரைக் கோயிலில் கண்டுவிட்ட சந்தோசம் அவனுக்கு. அன்று பின்னேரம் அஜாக்ஸில் ஒரு வீட்டை ஆட்களுக்குத் திறந்து காட்ட வேண்டும் என்று சொல்லி, பூசை முடியுமுன் புறப்பட்டுவிட்டான். பெட்டியைச் செவ்வாய்க்கிழமை வந்து எடுப்பதாகப் பாதரின் ஒபிசில் ஒரு பிள்ளையிடம் சொன்னானாம். அந்தப் பிள்ளை அதை யாரிடமும் சொல்லவில்லை. பாதர் கேக்குக்கும் பற்றிஸுக்கும் மரப்பெட்டிக்கும் சேர்த்து ஒரே தெளிப்பாகத் தெளித்துவிட்டுப் போனார்.

சனம் கலைந்த பிறகு நாங்கள் ஐந்து கொலெக்ரர்மாரும் பூசைச் சாமான் அறைக்குள் போனோம். பசி, களைப்பு. நான்கு மணி நேரம் நின்ற கால். இக்னேசியஸ் அண்ணை மரப்பெட்டியை என் முன்னால் கொண்டுவந்து வைத்தார். அவருக்கு இங்கிலீஷ் வாசிக்க வரும். ஆனாலும் தங்க எழுத்துக்கு அவர் கொஞ்சம் பயந்தார் போலிருந்தது.

"தம்பி மரியோ, நீர் ஒருக்கா வாசிச்சுப் பாரும். கொலெக்ரர்ஸ் எண்டு கிடக்கு. அது நீங்கள்தானே?"

நான் வாசித்தேன். முழுவதையும் வாசித்தேன். ஆண்டைப் பார்த்தேன், பழத்தின் பெயரைப் பார்த்தேன், அறுபதில் இது எத்தனையாவது போத்தல் என்று கையால் எழுதியிருந்த இலக்கத்தையும் பார்த்தேன். உணவகத்தில் ஒருமுறை இப்படியொரு பழைய செனின் திறந்தார்கள். ஒரு துளி மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டார்கள். வெறும் கிளாஸை முகர்ந்து பார்க்கத்தான் எனக்குக் கிடைத்தது. அந்த மணத்தோடு பத்து வருடம் இருந்திருக்கிறேன். பெட்டி யாருடையது என்று எனக்குத் தெரியாது, ஆனால் எங்களுடையது இல்லை என்று நன்றாகத் தெரியும்.

"ஓம் அண்ணை, வேறை ஆர்?" என்றேன்.

அவர் உடனே போய்த் தக்கை திறக்கிற கருவியை எடுத்துவந்தார். அது 'தக்கை திறப்பான்' என்று எழுதிய பெட்டிக்குள் இருந்தது.

கடதாசிக் கப்புகளில் ஊற்றினோம். பொன் நிறம், நல்லெண்ணெய்யைவிடக் கொஞ்சம் வெளிறல். எங்களில் ஒருவன், ஸ்ரனிஸ்லாஸ், ஒரு வாய் விட்டுவிட்டு, "உது பழுதாப்போச்சு, கலரைப் பாருங்கோவன்" என்று சொல்லி ஜிஞ்சர் ஏலைப் பாதிக்குப் பாதி விட்டான். யூட் மிளகாய் போட்ட பற்றிஸோடு தண்ணீர் மாதிரி இழுத்தான். மற்ற இருவரும் விஸ்கி ஒன்றும் வரவில்லையா என்று மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தார்கள். இருபது வருடம் இருட்டில் பொறுமையாகக் கிடந்த சாமானுக்குக் கடைசியில் கிடைத்த மரியாதை இது.

நான் மூலையில் ஒரு கதிரையில் போய் இருந்தேன். முதலில் தேன் மணம். பிறகு அடுப்பில் வாட்டிய அன்னாசி, வறுத்த கச்சான் கடலை. இனிக்கப்போகிறது என்று நாக்கு நினைக்கிற நேரத்தில் ஒரு புளிப்பு வந்து எல்லாவற்றையும் நிமிர்த்தி வைத்தது. விழுங்கிய பிறகும் அது போகவில்லை. வாயைத் திறந்தால் போய்விடுமோ என்று நான் கதைக்காமல் இருந்தேன். இக்னேசியஸ் அண்ணை துடைத்துக்கொண்டிருந்த பாத்திரத்தோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நீங்களும் ஒரு வாய் பாருங்கோ என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை மாக்கஸ் வந்தான். நான் அன்று கதிரைகள் அடுக்கிக்கொடுக்கப் போயிருந்தேன். அவன் அறைக்குள் போனான், சுற்றிப் பார்த்தான், ஜன்னல் ஓரத்தில் தன் போத்தலைக் கண்டான். அது கழுவப்பட்டுப் பளபளவென்று இருந்தது. தங்க எழுத்து லேபிளை இக்னேசியஸ் அண்ணை சுடுதண்ணீரில் ஊறவைத்துச் சுரண்டி எடுத்துவிட்டு, தன் கையெழுத்தில் புது லேபிள் ஒட்டியிருந்தார். 'தீர்த்தம்'.

மாக்கஸின் வாயிலிருந்து வந்த சத்தம், வீடு விற்கிற ஒரு மனிதனிடமிருந்து வரக்கூடியதல்ல.

"இது வெறும் போத்தல்தானே தம்பி, நல்ல வடிவான போத்தல், எறிய மனம் வரேல்லை" என்றார் அண்ணை.

"வைன் எங்கை அங்கிள்? வைன்!"

"கொலெக்ரர்மாருக்குக் குடுத்திட்டன். நீங்கள் சொன்ன மாதிரித்தான்."

அதன் பிறகு விளக்கம் நடந்தது. உலகத்தில் இரண்டு வகைக் கொலெக்ரர்கள் இருக்கிறார்கள் என்று மாக்கஸ் இங்கிலீஷில் விளங்கப்படுத்தினான். இக்னேசியஸ் அண்ணை பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அப்ப அந்தக் கொலெக்ரர்மார் என்னத்தைக் கொலெக்ற் பண்ணுறவை?" என்று கேட்டார். "வைன்" என்றான். "குடிக்கவோ?" "இல்லை அங்கிள், வைச்சிருக்க." அண்ணை தலையை ஆட்டினார். அவருக்கு விளங்கவில்லை. எனக்கும் இன்றுவரை விளங்கவில்லை, ஆனால் குடித்துவிட்ட எனக்கு அது தப்பிக்கிற ஒரு சாட்டு.

வியாழக்கிழமை பாதருடைய ஒபிசில் கூட்டம். பாதர், மாக்கஸ், இக்னேசியஸ் அண்ணை, கொலெக்ரர்மார் சார்பில் நான். மாக்கஸ் சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது. காசு தேவையில்லை என்றான். அந்தப் போத்தலைக் காசு கொடுத்தும் இனி வாங்க முடியாது என்றான். சனிக்கிழமைக் கூட்டத்தைத் தண்ணிக் குழாய் வெடித்ததென்று பொய் சொல்லித் தள்ளிவைத்ததாகச் சொன்னான். நம்பிக் கொடுத்த பொருளைப் பாதுகாக்க முடியாதவரிடம் கோயில் திறப்பு இருக்கலாமா என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். கேட்டுவிட்டுக் கூரையைப் பார்த்தான். பாதரும் பார்த்தார். கூரை இன்னும் பாதிதான் திருத்தியிருந்தது.

"இக்னேசியஸ், நீங்களும் அதைக் குடிச்சனீங்களோ?" என்று பாதர் கேட்டார்.

"இல்லை பாதர். நான் கொலெக்ரர் இல்லையே."

மாக்கஸ்கூட ஒரு கணம் தலையைக் குனிந்தான். பாதர் தொண்டையைச் செருமினார்.

"திறக்க முதல் ஆரையும் கேட்டனீங்களோ? இங்கிலீஷ் தெரிஞ்ச ஆரையாவது?"

இக்னேசியஸ் அண்ணை என் பக்கம் திரும்பவே இல்லை. நேரே பாதரைப் பார்த்துக்கொண்டு, "இல்லை பாதர். ஆரையும் கேக்கேல்லை. நானாத்தான் செய்தனான்" என்றார்.

அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒரு சொல் போதும். பதினெட்டு வருடம் பாரில் நின்று ஊர்க் கதையெல்லாம் கதைத்த வாய், ஊரில் எவனுக்கு எந்தப் பட்டம் பொருந்தும் என்று சொல்கிற வாய், அன்றைக்கு மூடியே கிடந்தது. அண்ணை இடுப்பு வாரிலிருந்து திறப்பைக் கழற்ற நேரம் எடுத்தது. வளையம் இறுகிப்போயிருந்தது. நகத்தால் நெம்பி நெம்பிக் கழற்றி மேசையில் வைத்தார். "கொஞ்ச நாளைக்கு ஓய்வெடுங்கோ" என்றார் பாதர், மிகவும் அன்பாக.

பிறகு சுற்றிப் பார்த்துவிட்டு, பொறுப்பான ஆள் என்று கண்டு, திறப்பை என் கையில் தந்தார்.

மூன்று வாரம் நான் கோயில் திறந்தேன். காலை ஆறு மணிக்கு அந்த அறைக்குள் போனால் சுவரெல்லாம் அவருடைய கையெழுத்து. பாத்திரம் எங்கே, துணி எங்கே, எந்தச் சுவிச் எந்த விளக்குக்கு என்று ஒவ்வொன்றாக எழுதி எனக்குச் சொல்லித்தந்துகொண்டு இருந்தார். அவர் ஏழு மணிப் பூசைக்கு வந்து கடைசி வாங்கில் இருப்பார். கை வேலை இல்லாமல் இடுப்பு வாரைத் தடவிக்கொண்டிருப்பார். என்னைக் கண்டால், "மைக் பற்றரி பாத்தனீரோ தம்பி?" என்று கேட்பார். வேறொன்றும் கேட்கவில்லை. ஒரு நாளாவது ஏசியிருந்தால் எனக்கு நித்திரை வந்திருக்கும்.

நாலாவது சனிக்கிழமை நான், பாதரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். இதில் என் புத்தியைக் கவனியுங்கள். உண்மையைச் சொல்லவும் வேண்டும், ஆனால் அது வெளியே போகவும் கூடாது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைப் பாதர் செத்தாலும் வெளியே சொல்ல முடியாது. இதைவிடப் பாதுகாப்பான இடம் கனடாவில் உண்டா? முழங்காலில் இருந்து, வலைத்தட்டிக்கு அந்தப் பக்கம் எல்லாவற்றையும் கொட்டினேன். அண்ணை கேட்டதும், நான் ஓம் என்றதும், அவர் எனக்காகப் பொய் சொன்னதும்.

அந்தப் பக்கத்தில் பாதருடைய கதிரை கிரீச்சிட்டது.

"இதை ஏன் ஒபிசிலை வந்து சொல்லேல்லை?" என்று மெல்லக் கேட்டார் பாதர். "இஞ்சை கேட்டதை வைச்சு நான் வெளியிலை ஒண்டும் செய்யேலாது. அது தெரிஞ்சுதானே இஞ்சை வந்தனீர்?"

நான் முழங்காலை மாற்றி ஊன்றினேன்.

"பாவத்துக்கு மன்னிப்பு உண்டு. இந்தக் கெட்டித்தனத்துக்கு என்ன செய்யிறது எண்டு எனக்குத் தெரியாது. அரை மணித்தியாலத்திலை நான் ஒபிசிலை இருப்பன். கதவு திறந்திருக்கும். இதையே திருப்பி அங்கை சொன்னால், ஏதும் செய்யலாம்."

அந்த அரை மணித்தியாலமும் காரில் இருந்தேன். இரண்டு முறை சாவி திருகி ஸ்ரார்ட் செய்தேன். பிறகு இறங்கிப் போய்ச் சொன்னேன். பாதர் முதல் தடவை கேட்பவரைப் போலக் கடைசிவரை கேட்டுவிட்டு, மாக்கஸுக்குப் போன் எடுத்து என்னிடம் தந்தார்.

மாக்கஸ் என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினான். இங்கிலீஷில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை.

"எப்பிடி இருந்தது?" என்றான் பிறகு, சின்னக் குரலில்.

சொன்னேன். தேன், அன்னாசி, கச்சான், கடைசியில் எல்லாவற்றையும் நிமிர்த்திய அந்தப் புளிப்பு, ஒன்றும் விடாமல் பத்து நிமிடம் சொன்னேன். பாவம், அந்தப் போத்தல் அவனிடமே இருந்திருந்தாலும் இது அவனுக்குத் தெரிய வந்திருக்காது. அடுத்த மாதம் வைன் வட்டத்தை வீட்டுக்குக் கூப்பிட்டு, அந்தப் போத்தலைத் தானே திறந்து குடித்ததாகச் சொல்லி, என் சொல்லுகளை அப்படியே ஒப்புவித்தானாம். பல் வைத்தியருக்குக் கண் கலங்கியதாம். அவர்களுக்குள் இதுவரை எவரும் எதையும் திறந்ததில்லையாம். உடனே சேர்த்துக்கொண்டார்கள். றெபேக்கா என் மனைவிக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாளாம். அதெல்லாம் பிறகு. அன்றைக்குப் போனில், "இக்னேசியஸ் அங்கிளுக்குத் திறப்பைக் குடுங்கோ. அவரிலை பிழையில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தான். என்னைக் கொலெக்ரர் பட்டியலிலிருந்து பாதர் எடுத்துவிட்டார். அது நியாயம்.

அன்று பின்னேரமே திறப்போடு அண்ணையின் அப்பாட்மென்ற்றுக்குப் போனேன். அன்ரனெற் அக்கா கதவைத் திறந்து, என்னைப் பார்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. இக்னேசியஸ் அண்ணை கதிரையில் முதுகுக்குத் தலையணை வைத்து இருந்தார்.

"அண்ணை, பாதரிட்டை எல்லாம் சொல்லிப்போட்டன். ஏன் என்னைக் காட்டிக் குடுக்கேல்லை?" என்று கேட்டேன். வரும் வழியில் வேறு நாலைந்து வசனம் ஆயத்தம் செய்திருந்தேன். இதுதான் வந்தது.

"நீர் அதைக் குடிச்ச உடனை முகத்தைப் பாத்தன் தம்பி. அப்பவே விளங்கீட்டுது, உமக்குத் தெரியும் எண்டு" என்றார். "மற்ற நாலு பேரும் அதை விழுங்கினவை. நீர் ஒராள்தான் குடிச்சனீர். அப்பிடி விரும்பின மனிசனை மாக்கஸுக்கு முன்னாலை வைச்சு எப்பிடிச் சொல்லுறது?"

திறப்பை நீட்டினேன். அவருடைய கை பாதி வந்தது, பிறகு நின்றது.

"பாதரிட்டைப் பொய் சொல்லிப்போட்டன். முகத்தைப் பாத்துச் சொன்ன பொய். அதோடை பூசைப் பாத்திரத்திலை கை வைக்கேலாது. இண்டைக்குப் பாவசங்கீர்த்தனம் முடிஞ்சுது, வாற சனி போவன். அதுவரைக்கும் நீரே திறவும். ஆறு மணிக்குப் பிந்தாதையும்."

"அண்ணை, நாலு சனிக்கிழமை போயிட்டுது. ஏன் முதலே போகேல்லை?"

"போய்ச் சொன்னால் உம்மடை பேரையும் சொல்லவேண்டி வருமெல்லே" என்றார்.

அடுத்த சனிக்கிழமை நான்தான் கோயில் திறந்தேன். பின்னேரம் பாவசங்கீர்த்தன வரிசையில் முதலாவது ஆளாக அவர் நின்றார், நல்ல உடுப்பு உடுத்தி. உள்ளே போய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நோகிற முதுகோடு மெல்ல மெல்ல முழங்காலில் இறங்குவது திரைக்குக் கீழால் தெரிந்தது. எனக்காகச் சொன்ன பொய்க்கு அவர் அங்கே மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் வெளியே திறப்பை வைத்துக்கொண்டு நின்றேன். ஸ்ரனிஸ்லாஸ் வந்து என்னடாப்பா கண் சிவந்திருக்கு என்று கேட்டான். நான் அழுகிறேன் என்று சொன்னேன்.